டவி ஆறு
டவி ஆறு வேல்சின் தென்மேற்கில் பாயும் ஓர் ஆறாகும். ஏறத்தாழ 120 கிமீ நீளமுடைய இது, முழுவதும் வேல்சுக்குள்ளேயே ஓடும் ஆறுகளுள் மிக நீளமானது. கேம்பிரியன் மலைகளில் தோன்றி, கார்மார்தென் விரிகுடாவில் கலக்கிறது.

மீன்பிடிப்பு
சால்மன், கடல் டிரவுட் ஆகிய மீன்களுக்கு இந்த ஆறு பெயர்பெற்றது. இவை ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகின்றன. கடல் டிரவுட்டும் ஆற்றிலேயே தங்கிவிடும் பழுப்பு டிரவுட்டும் ஒரே இனமாகும். பகலில் எளிதில் மிரளும் கடல் டிரவுட்டை, இறகு கட்டிய செயற்கை இரையைக் கொண்டு இரவில் தூண்டிலிட்டுப் பிடிப்பர். இரு பரிசல்கள் தமக்கிடையே வலையை இழுத்தபடி நீரோட்டத்துடன் மிதந்து மீன்பிடிக்கும் மரபும் இங்குண்டு.

பாதுகாப்பு
சால்மன்களின் எண்ணிக்கை பெரிதும் குறைந்ததால், 2020 சனவரி முதல் தூண்டிலில் சிக்கினாலும் வலையில் சிக்கினாலும் அவற்றை உயிருடன் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது சட்டமாகும். பரிசல் மீனவருக்கும் இதில் விலக்கு இல்லை.