தராசில் ஏறிய தோட்டத்து மக்கள்

பெரிய நாடு ஆணையிடும், சிறிய நாடு பணியும் என்பது பொதுவான எண்ணம். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் புதுடில்லியில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வேறு கதை கூறுகின்றது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மலையக மக்கள் இலங்கையின் பொறுப்பே என்று வாதிட்டு வந்தவர் நேரு. அவர் மறைந்த ஐந்தாம் மாதத்தில் இந்தியா இறங்கி வந்தது ஏன்? 1962இல் சீனத்திடம் தோற்ற இந்தியாவுக்கு அயலவர் நட்பு இன்றியமையாததாயிற்று. இலங்கையோ 1952 முதலே சீனத்துடன் இறப்பர்–அரிசி வாணிபம் செய்துவந்த நாடு. இந்திய–சீனச் சமரசத்துக்கென ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டியவரும் சிறிமாவோதான்! சிறிய நாட்டின் பேரம் பேசும் வலு இவ்வாறே வளர்ந்தது.

அந்த வலுவின் விலையை யார் கொடுத்தார்? 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். நுவரெலியாவில் கொழுந்து நிறுக்கும்போதாவது பறித்தவள் தராசருகே நிற்பாள். இந்த நிறுவையில் அவளை எவரும் அழைக்கவில்லை.

1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுடன் இங்கேயே தங்கிவிட்டோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக் குடியுரிமை அளித்தது.