கிட்டப்பாவின் குரல் எத்தனை கட்டை?

ஜாஸ் ரெக்கார்டு சேகரிக்கிறவங்ககிட்ட ஒரு விநோதப் பழக்கம் உண்டு. ஒரே ஆல்பத்தை மூணு தடவை வாங்குவாங்க. பழைய எல்பி ஒண்ணு, அப்புறம் வந்த சிடி ஒண்ணு, இப்போ 'ரீமாஸ்டர்' பண்ணி வந்த மறுவெளியீடு ஒண்ணு. "எல்லாம் அதே பாட்டுதானே?"ன்னு கேட்டுட்டா போச்சு. இதுல டிரம்ஸ் தெளிவு, அதுல டிரம்பெட் வாசிக்கிறவரோட மூச்சு கேக்குதுன்னு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுப்பாங்க.

காசு மிச்சமானவங்களோட விளையாட்டுன்னு தோணலாம். ஆனா இந்தக் கிறுக்கு பிடிச்ச ஆளுங்க நம்ம ஊர்லயும் இருந்ததாலதான், செங்கோட்டையில பிறந்த ஒருத்தரோட குரல் இன்னிக்கு நம்ம போனுக்கு வந்து சேர்ந்திருக்கு. அவர் எஸ்.ஜி. கிட்டப்பா.

'எஸ்'ங்கிறது செங்கோட்டை. 'ஜி'ங்கிறது அப்பா கங்காதர ஐயர். கிட்டப்பா பிறந்தது 1906 ஆகஸ்ட்ல. அப்போ செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்தது. சென்னை மாநிலத்தோட சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்தான். சின்னப் பையனா இருக்கும்போதே நாடக மேடை ஏறிட்டார். கன்னையா கம்பெனியோட 'தசாவதாரம்' நாடகத்துல பெரிய பேர் வாங்கினார். தியாகராஜரோட 'எவரனி' கீர்த்தனையை மேடையில பாடி, கச்சேரிக்கே போகாத ஜனங்க கிட்டயும் கொண்டுபோனார். மேடையில ஜோடியா நடிச்ச கே.பி. சுந்தராம்பாளை 1927-ல் கல்யாணம் பண்ணிக்கிட்டார். 1933 டிசம்பர் 2-ஆம் தேதி இறந்துட்டார். வயசு 27. என்னைவிட ஒரு வயசு கம்மி.

இப்போ தேதிகளைக் கொஞ்சம் கவனிங்க. தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' வந்தது 1931 அக்டோபர்ல. கிட்டப்பா எந்தப் படத்துலயும் நடிக்கல. நாடகக் கொட்டகையில பதிவு பண்ண அப்போ டேப்பும் கிடையாது. சுந்தராம்பாள் அவருக்கு அப்புறம் 47 வருஷம் வாழ்ந்தாங்க. அவங்களைப் பார்க்கணும்னா 1953-ல் வந்த 'ஔவையார்' இருக்கு. கிட்டப்பாவுக்கு மிச்சம் இருக்கிறது கிராமபோன் தட்டு மட்டும்தான்.

அந்தத் தட்டு என்ன மாதிரி ஊடகம்? 10 அங்குல அகலம், நிமிஷத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம், கொஞ்சம் கூட. ராத்திரி முழுக்க நாடகம், ஒரு பாட்டுக்குப் பல 'ஒன்ஸ்மோர்'னு பாடின ஆள், ராகம், பாட்டு, பிர்கா எல்லாத்தையும் அந்த மூணு நிமிஷத்துல அடக்கணும். 1928-ல் லூயி ஆம்ஸ்ட்ராங் பதிவு பண்ணின 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' ஜாஸ் வரலாற்றுல ஒரு மைல்கல். அதுக்கும் இதே மூணு நிமிஷச் சொச்சம்தான். சிகாகோவுக்கும் செங்கோட்டைக்கும் தட்டு ஒரே அளவு.

தட்டு செய்றது அரக்கு கலந்த கலவையில. கீழே விழுந்தா உடையும். அதைவிட மோசம், எஃகு ஊசி. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுடும். அதாவது, ஜனங்க ரொம்ப ஆசையா கேட்ட பாட்டுதான் ரொம்ப மோசமா தேஞ்சு போயிருக்கும். நல்ல பிரதி வேணும்னா, யாரோ வாங்கி அதிகம் கேக்காம அலமாரியில வெச்ச தட்டைத் தேடணும். கம்பெனிகிட்ட அச்சு மிஞ்சலைன்னா மறுவெளியீட்டுக்கு மூலம் அந்தத் தட்டுதான். வி.ஏ.கே. ரங்காராவ் மாதிரி ஆளுங்க நாற்பதாயிரத்துக்கும் மேல தட்டு சேர்த்தாங்கன்னா, அந்த எண்ணிக்கைக்குப் பின்னால இருக்கிறது இந்தத் தேடல்தான்.

சரி, நல்ல தட்டு கிடைச்சிடுச்சு. வேலை முடிஞ்சுதா? இங்கதான் எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் எழுந்து உட்கார்றான்.

முதல் பிரச்சினை வேகம். '78'னு பேர் இருந்தாலும், அந்தக் காலத்துத் தட்டு எல்லாம் சரியா 78-ல பதிவானது இல்ல. கணக்குப் போட்டுப் பாருங்க. 78-ல பதிவானதை 82.6-ல ஓட்டினா, சுருதி சரியா ஒரு ஸ்வர ஸ்தானம், அதாவது அரைக் கட்டை ஏறிடும். மைக் இல்லாத கொட்டகையில கடைசி வரிசைக்கும் கேக்கிற மாதிரி அஞ்சு கட்டைக்கு மேல பாடினவர்னு கிட்டப்பாவைப் பத்தி ஊரே பேசும். அந்தப் பேச்சைத் தட்டை வெச்சுச் சோதிக்கணும்னா, முதல்ல தட்டோட வேகம் தெரியணும். வேகம் கூடினா சுருதி மட்டும் ஏறாது, பிர்காவும் வேகமாகும். மறுவெளியீடு பண்றவர் தப்பான வேகத்தை எடுத்தா, நாம வியக்கிறது கிட்டப்பாவையா, மோட்டாரையா?

ஒரு துப்பு இருக்கு: பக்கவாத்தியம். கிட்டப்பாவோட சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியத்துல பேர் வாங்கினவர். ஆர்மோனியத்துல கட்டைகள் நிலையானவை. சுருதி ரெண்டு கட்டைக்கு நடுவுல வந்து விழுந்தா, வேகத்தைச் சந்தேகப்படலாம். முழுத் தீர்வு இல்ல, ஏன்னா எல்லாப் பெட்டியும் ஒரே அளவுக்குச் சுருதி சேர்த்ததா இருக்காது.

ரெண்டாவது, இரைச்சல். ஆடியோ எடிட்டர்ல 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' பட்டனை அழுத்தினா 'சர்ர்'ங்கிற சத்தம் போயிடும். ஆனா அந்தச் சத்தம் இருக்கிற அதே மேல் அலைவரிசையிலதான் 'ச', 'ஸ' மாதிரி எழுத்தும் குரலோட கூர்மையும் இருக்கு. அழுத்தி அழுத்தித் துடைச்சா, கிட்டப்பா வாயில துணியைக் கட்டிக்கிட்டுப் பாடுற மாதிரி ஆயிடும். ஜாஸ் ஆளுங்க மூணு பதிப்பு வாங்குறது இதனாலதான். ஒவ்வொரு பதிப்பும் யாரோ ஒருத்தர் எடுத்த முடிவு.

அமெரிக்காவுல ராபர்ட் ஜான்சன்னு ஒரு புளூஸ் பாடகர். 1938-ல் இறந்தார், அவருக்கும் 27 வயசு. பதிவு பண்ணினது 29 பாட்டு. 1961-ல் ஒரு எல்பியா மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகம் அவரைக் கண்டுபிடிச்சது. அப்புறம் முழுத் தொகுப்பு, விளக்கக் கையேடு, வேகத்தைப் பத்தின சண்டை, எல்லாம் வந்தது. கிட்டப்பாவுக்கும் அப்படி ஒண்ணு வேணும். எந்தத் தட்டுல இருந்து எடுத்தது, என்ன வேகம், யார் பக்கவாத்தியம்னு எழுதின தொகுப்பு. யூடியூப்ல கிடைக்கிறதுல பெரும்பாலும் பாட்டு பேர்கூடச் சரியா இருக்காது.

கடைசியா ஒரு வேலை. தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் உங்க தாத்தா வீட்டுப் பரண்ல பழைய தட்டு இருந்தா, எஃகு ஊசியில ஓட்டிப் பார்க்காதீங்க. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம, செங்குத்தா நிறுத்தி வைங்க. நடுவுல பள்ளம் முடியுற இடத்துல பொறிச்சிருக்கிற எண்ணையும் லேபிளையும் போட்டோ எடுங்க. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி ஒரு ஆவணக் காப்பகத்துக்குச் சொல்லுங்க. உங்க பரண்ல இருக்கிறது யாரும் அதிகம் கேக்காத அந்த ஒரு பிரதியா இருக்கலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.