பூச்சாடியின் விலை: ஜப்பானியப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் காட்சியும் செலவும்

ஜப்பானின் பாத்திரமேற்பு விளையாட்டுகள் பல பத்து மணித்தியாலங்கள் ஆடப்படுபவை. ஊர்கள், மாந்தர், உரையாடல், போர் என எல்லாமே பெருமளவில் தேவைப்படுவதால், காட்சித் தரம் ஒரு படி ஏறினால் செலவு பல படி ஏறிவிடும். இந்த நெருக்கடியை அந்நாட்டுப் படைப்பாளிகள் கையாண்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. காட்சியில் பிடித்த மிச்சம் ஆடுபவரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே விளையாட்டின் தரத்தைத் தீர்மானித்தது என்பது இதன் வாதம்.

1. நினைவக நெருக்கடி

1986 மே மாதம் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ட்ராகன் குவெஸ்ட்’ முழுவதும் 64 கிலோபைற்றுக்குள் அடங்கியது. இடம் போதாமையால், ஜப்பானியக் கதகானா எழுத்துகளில் சிலவற்றை மட்டுமே அதன் வடிவமைப்பாளர் யூஜி ஹோரீயின் குழு வைத்துக்கொண்டது. நாயகனின் உருவமும் முன்பக்கம் பார்த்தபடியே வரையப்பட்டது. அவன் எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறான் என்று தெரியாததால், ஊராரிடம் பேசும் ஒவ்வொரு தடவையும் வடக்கா தெற்கா என ஆடுபவரே திசையைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. படத்தில் பிடித்த மிச்சம் ஆடுபவருக்குச் சுமையாயிற்று.

2. இறுவட்டுக் காலம்

1997இல் ஸ்கொயர் நிறுவனம் ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ஐ மூன்று இறுவட்டுகளில் பிளேஸ்டேசனுக்கு வெளியிட்டது. முன்கூட்டியே தீட்டிய அசையாப் பின்னணிகளின் மேல் எளிய முப்பரிமாண உருவங்கள் நடந்தன. குறைந்த கணிப்புத் திறனில் விரிந்த உலகத்தைக் காட்ட இந்த உத்தி உதவியது. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் ‘செனோகியர்ஸ்’ காலக்கெடுவில் சிக்கியது. அதன் இரண்டாம் இறுவட்டில் பல நிகழ்வுகளைப் பாத்திரங்கள் கதிரையில் அமர்ந்து சொல்ல, ஆடுபவர் வாசித்துக்கொண்டிருந்தார். காட்சிக்கான செலவு விளையாட்டுக்கு வெளியேயும் பெருகியது: 2001இல் ஸ்கொயர் எடுத்த ‘ஃபைனல் ஃபேன்டசி’ முழுநீளத் திரைப்படம் ஏறத்தாழ 137 மில்லியன் டொலரை விழுங்கி, திரையரங்குகளில் சுமார் 85 மில்லியனையே ஈட்டியது.

3. பூச்சாடிப் பாடம்

2010இல் வெளியான இணையவழி விளையாட்டான ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ படுதோல்வி கண்டது. அதைப் பொறுப்பேற்றுச் சீரமைத்த நவோகி யோஷிதா, 2014இல் காரணங்களை விளக்கியபோது ஒரு பூச்சாடியைச் சுட்டிக்காட்டினார். ஆடுபவரின் பாத்திரத்துக்கு நிகராக, உருவங்களைக் கட்டமைக்கும் பலகோணங்கள் சுமார் 1,000 அந்தச் சாடிக்கே செலவாகியிருந்தன. பலர் ஒரே இடத்தில் கூடவேண்டிய விளையாட்டுக்கு அந்தச் சுமை தாங்கவில்லை. 2012இல் மூடப்பட்ட அது, 2013இல் புதிதாய்க் கட்டியெழுப்பப்பட்டு மீண்டது.

4. குறைவிலிருந்து பாணி

சிறிய நிறுவனமான ஃபல்கொம் வேறு வழி கண்டது. 2004இல் தொடங்கிய அதன் ‘சோரா நோ கிசெகி’ கதையின் இரண்டாம் பாகம் (2006) அதே நாட்டின் அதே ஊர்களிலேயே நிகழ்ந்தது. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பின்னும் ஊராரின் பேச்சு மாறியது. படத்தில் மிஞ்சிய உழைப்பு எழுத்துக்குப் போயிற்று. வேறொரு நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு விளையாட்டான ‘ஒக்டோபாத் ட்ராவலர்’ பழைய புள்ளியுருவங்களை நவீன ஒளியமைப்போடு இணைத்தது. அது சில வாரங்களிலேயே உலகளவில் பத்து இலட்சம் பிரதிகளை எட்டியது.

உழைப்பை எதில் இடுவது என்ற இதே தெளிவைத் தமிழ் விளையாட்டொன்றிலும் காணலாம். ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’ பாத்திரமேற்பு வகையைச் சேர்ந்ததல்ல. ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடுவது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையே அதன் களம். சிதைந்த சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லித் தட்டுகளை அடுக்கும் முறையை ஆடுபவரே ஊகிக்க வேண்டும். தட்டையான இருபரிமாண ஓவியங்கள் அதற்குப் போதுமாயிருந்தன. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதை அது வென்றது.

முடிவுரை

வெற்றி கண்ட படைப்பாளிகள், ஆடுபவர் என்ன செய்யப்போகிறார் என்பதை முதலில் வகுத்து, பின்னரே அதற்கு வேண்டிய படத்தை வரைந்தார்கள். கல்கிசையிலோ வெள்ளவத்தையிலோ ஒரே கணினியை வைத்துக்கொண்டு விளையாட்டு ஆக்கத் துணியும் இளைஞருக்கு இது நேரடிப் பாடம். பெருநிறுவனங்களின் காட்சித் தரத்தை அவர்களால் எட்ட முடியாது, எட்டவும் வேண்டியதில்லை. தமது வீட்டிலும் தெருவிலும் நன்கறிந்த ஒரு செயலை ஆடத்தக்கதாக்குவதில் அந்த உழைப்பை இடட்டும்.