0.1 என்ற இலக்கம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஒரேஞ்ச் என்றொரு ஊர். 1917இல் அங்கே ஒரு தொழிற்சாலை. இருட்டிலும் ஒளிரும் இலக்கங்களைக் கடிகார முகப்பில் வரைவது அங்கிருந்த இளம் பெண்களின் வேலை. பூச்சில் ரேடியம் கலந்திருந்தது. தூரிகையின் நுனி கூராக இருக்கவேணும், அதனால் உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வயிற்றுக்குள் போனது.

விழுங்கினது மலத்தோட போயிடாதா? பெரும்பகுதி போய்விடும்தான். ஆனால் ரேடியத்தையும் கல்சியத்தையும் பிரித்தறிய உடம்புக்குச் சரியாகத் தெரியாது, ஆவர்த்தன அட்டவணையில் இரண்டும் ஒரே கூட்டம். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும், அதில் ஒரு பகுதி எலும்பில் போய்க் குந்திவிடும். வெளியே இருந்தால் தோலைக்கூடத் தாண்டாத அல்பாத் துணிக்கை, உள்ளே இருந்தபடி எலும்பை அரிக்கும். ரேடியம்-226இன் அரைவாழ்வுக் காலம் 1600 ஆண்டுகள். எலும்பில் தங்கினது அந்த ஆளின் ஆயுளுக்குள் ஓயாது.

பற்கள் விழுந்தன, தாடை எலும்பு அழுகியது. 1925இல் வைத்தியர் ஹரிசன் மார்ட்லண்ட் ரேடியமே காரணம் என்று காட்டினார். கொம்பனி மறுத்தது. ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1928இல் சமரசம்: ஆளுக்கு 10,000 டொலர், வருடத்துக்கு 600 டொலர், வைத்தியச் செலவு.

இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்கும் ஒளிரும் முகப்புகள் தேவைப்பட, எல்லை ஒன்று வகுக்கவேண்டி வந்தது. ரொப்லி எவன்ஸ் என்ற இயற்பியலாளரிடம் இருந்தது 27 பேரின் அளவீடுகள். உடம்பில் 0.5 மைக்குரோகிராமுக்குக் குறைவாக இருந்தவர்களிடம் பாதிப்புத் தெரியவில்லை, 1.2க்கு மேல் இருந்தவர்களிடம் தெரிந்தது. தங்கள் மனைவியோ மகளோ எவ்வளவைச் சுமந்தால் நிம்மதியாக இருப்பீர்கள் என்று குழுவினரிடம் கேட்டாராம். 1941இல் 0.1 என்று முடிவானது. சூத்திரம் ஒன்றும் இல்லை, 27 உடம்புகளும் ஒரு மனச்சாட்சிக் கேள்வியும்தான். எனக்கென்னவோ அதுவே நேர்மையான வழியாகத் தெரிகிறது.

பிறகு அணுகுண்டுத் திட்டம், புளூட்டோனியம். அதை விழுங்கினால் குடல் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட உறிஞ்சாது. மூச்சாலும் காயத்தாலும் போவதுதான் ஆபத்து. ரேடியத்தை வைத்துக் கணக்கிட்டு 1944இல் 5 மைக்குரோகிராம் என்றார்கள். அது எலும்பின் மேற்பரப்பில் படிந்து கூடுதலாகக் கெடுக்கிறது என்று விலங்குகளில் தெரிந்ததும் 1945இல் 1 ஆகக் குறைத்தார்கள்.

ஒருவரின் சிறுநீரைச் சோதித்து, உடம்பில் எவ்வளவு மிச்சம் என்று சொல்வது எப்படி? அதை அறிய 1945 முதல் 1947 வரை 18 பேருக்கு ஊசியால் புளூட்டோனியம் ஏற்றினார்கள். அவர்கள் நோயாளிகள். அநேகமாக ஒருவருக்கும் உள்ளே போவது என்னவென்று சொல்லப்படவில்லை.