லைன் வீட்டுக்கு வந்த வைஃபை

கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் 1902-லேயே வந்துவிட்டது. காவிரி விழும் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, தங்கச் சுரங்கத்துக்காகவே அதைக் கொண்டுவந்தார்கள். பெங்களூர் வீதிகளில் விளக்கு எரிய 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டதும் எல்லாம் தலைகீழானது. விடிவதற்கு முன்பே மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இருட்டியபின் வீடு திரும்புவதே ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பாயிற்று.

அந்த ஊரில் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்குள் இப்போது ஃபைபர் ஒயர் நுழைகிறது. ஒயர் முடியும் இடத்தில் ஒரு வைஃபை பெட்டி. அது நன்றாக வேலை செய்தால் பிள்ளை வீட்டிலேயே பாடம் பார்க்கலாம், வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி உள்ளவர் ஒருநாள் ரயிலைத் தவிர்க்கலாம். ஆனால் எதை வாங்குவது, எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தப் பெட்டி எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் இந்த இரண்டு கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

கதை ஹவாய்த் தீவுகளில் தொடங்குகிறது. தீவுக்குத் தீவு கம்பி போடச் செலவு அதிகம். ஆகவே அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சனும் அவர் குழுவினரும் வானொலி அலை மூலமே கணினிகளைப் பேசவைத்தார்கள். 1971-இல் இயங்கத் தொடங்கிய அந்த வலைக்கு அலோஹாநெட் என்று பெயர். எல்லோருக்கும் ஒரே அலைவரிசைதான், முறை வைத்துக் கொடுக்க நடுவர் யாரும் இல்லை. இருவர் ஒரே நேரத்தில் பேசிச் செய்தி மோதிக்கொண்டால், ஆளுக்கொரு வெவ்வேறு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். நம் வீட்டுப் பெட்டி இதைக் கொஞ்சம் திருத்தி, பேசுவதற்கு முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுத் தொடங்குகிறது. பக்கத்து வீடுகளில் எல்லோரும் படம் பார்க்கும் இரவு நேரத்தில் நம் வேகம் குறைவதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

அடுத்து வேண்டியிருந்தது காற்றில் ஓர் இடம். அரசு அனுமதி இல்லாமல் அலை வீசக்கூடாது என்பதே அதுவரை பெரும்பாலும் இருந்த சட்டம். 1985-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் மூன்று அலைவரிசைகளை, சில நிபந்தனைகளோடு, உரிமம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அங்கே பொறியாளராக இருந்த மைக்கேல் மார்கஸ் இதற்காகப் பாடுபட்டார். திறந்துவிட்டதும் நல்ல இடத்தை அல்ல. மைக்ரோவேவ் அடுப்பும் தொழிற்சாலைக் கருவிகளும் இரைச்சல் போடுகின்றன என்று யாரும் விரும்பாமல் விட்ட பகுதி அது. அதில் ஒன்றுதான் 2.4 கிகாஹெர்ட்ஸ். இன்றும் மைக்ரோவேவ் அடுப்பை ஓடவிட்டால் அதன் அருகில் வைஃபை தடுமாறுகிறதே, அந்தப் பழைய குடித்தனக்காரர் இன்னும் அங்கேயே இருக்கிறார் என்பதுதான் காரணம்.

அந்த இடத்தை முதலில் பயன்படுத்த நினைத்தவர்களில் கல்லாப்பெட்டி செய்யும் என்.சி.ஆர். நிறுவனமும் உண்டு. கடையை மாற்றி அமைக்கும்போதெல்லாம் கல்லாவுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி நடவேண்டியிருந்தது. ஒயரே இல்லாமல் செய்ய முடியுமா என்று நெதர்லாந்தில் இருந்த தன் பொறியாளர்களிடம் கேட்டது. அதிலிருந்து வந்ததுதான் வேவ்லேன். அந்தக் குழுவின் விக் ஹேய்ஸ், போட்டி நிறுவனங்களையெல்லாம் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பொதுத் தரம் ஒன்றை எழுதவைத்தார். 1990-இல் தொடங்கிய அந்தப் பேச்சு முடிந்து 802.11 என்ற தரம் 1997-இல் வெளிவந்தது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே.

வேகத்தைக் கூட்டுவதற்குக் குறுக்கே நின்றது எதிரொலி. அலை நேராக மட்டும் வருவதில்லை. சுவரிலும் பீரோவிலும் ஷீட் கூரையிலும் பட்டுத் திரும்பி, சற்றுத் தாமதித்து, பல பிரதிகளாக வந்து சேரும். சுரங்கத்தின் நீண்ட குகைப்பாதையில் நின்று வேகமாகக் கத்தினால் முதல் சொல்லின் எதிரொலி இரண்டாம் சொல்லின்மேல் ஏறிக்கொள்ளும், கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. நிதானமாக, இடைவெளி விட்டுச் சொன்னால் புரியும். ஆனால் நிதானமாகச் சொன்னால் நிறையச் சொல்ல முடியாதே? ஐம்பது பேரை நிறுத்தி, ஆளுக்கொரு சுருதியில், ஒவ்வொருவரும் நிதானமாகச் சொல்லவைத்தால் நிறையவும் சொல்லலாம், தெளிவாகவும் கேட்கும்.

ஒரே அலையைப் பல மெல்லிய அலைகளாகப் பிரிக்கும் இந்த எண்ணம் 1960களிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்துவிட்டது. அதைக் கட்டடத்துக்குள் எழும் எதிரொலிக்கு மருந்தாக்கி, பிழை திருத்தும் உத்திகளோடு சேர்த்துத் தந்தது ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஜான் ஓ'சல்லிவன், டெரி பெர்சிவல், டீத்தெல்ம் ஆஸ்ட்ரி, கிரஹாம் டேனியல்ஸ், ஜான் டீன் ஆகிய ஐவரும் 1992-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இம்முறையில் எழுதப்பட்ட 1999-ஆம் ஆண்டுத் தரத்தில் அலை 52 துணை அலைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு குறியீடும் 4 மைக்ரோநொடி நீடிக்கும், அதில் 0.8 மைக்ரோநொடி எதிரொலி அடங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்த நேரத்தில் அலை 240 மீட்டர் ஓடிவிடும். நேர்வழியைவிட அவ்வளவு தூரம் அதிகமாகச் சுற்றிவரும் எதிரொலிகூடக் கெடுதல் செய்யாது என்றால், பத்தடி அறைக்கு அது தாராளம். வேகமும் 54 மெகாபிட்டுக்குத் தாவியது.

ஓ'சல்லிவன் அடிப்படையில் வானொலி வானியலாளர். வெடித்து மறையும் சிறிய கருந்துளைகள் இருக்கக்கூடும் என்று ஸ்டீஃபன் ஹாக்கிங் 1974-இல் சொன்னார். அப்படி வெடித்தால் எழும் வானொலித் துடிப்பைப் பிடிக்க, நெதர்லாந்தின் ட்விங்கெலோ தொலைநோக்கியைக் கொண்டு ஓ'சல்லிவனும் நண்பர்களும் 1970களில் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் சிதறி மங்கிப்போன குறிப்பை ஃபூரியர் கணக்கால் மீட்டெடுக்கும் பழக்கம் கையில் தங்கியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அறைக்குள் எழும் எதிரொலியை எதிர்கொண்டபோது அதுவே உதவியது.

தங்கவயல்காரர்களுக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் வேறொரு குழு பிடித்தது. உலகத்தில் அதற்கு முன் யாரும் பிடித்ததில்லை. எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் போன்றவர்களின் பெயர்கள் அந்தக் கண்டுபிடிப்போடு சேர்ந்தவை. மேலே இருக்கும் பாறை மற்ற துகள்களின் இரைச்சலையெல்லாம் தடுத்ததால்தான் அந்த மெல்லிய குறிப்பு தெரிந்தது. அந்தக் குகைகளை வெட்டியவர்கள் வடஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த குடும்பங்கள். 1980 முதல் புரோட்டான் சிதைகிறதா என்ற தேடலும் அங்கே நடந்தது. அது சிதைந்ததற்கான உறுதியான சான்று இன்றுவரை உலகில் எங்கும் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட தேடலுக்கு அரசுப் பணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ட்விங்கெலோவைக் காட்டலாம். கருந்துளை கிடைக்காத தேடலில் பழகிய கைகள் செய்த காப்புரிமையால், 2009-லும் 2012-லும் முடிந்த வழக்குகளையும் சேர்த்து, ஆஸ்திரேலியப் பொது நிறுவனத்துக்கு வந்தது 43 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல்.

வைஃபை வீட்டுக்குள் வந்த கதை சுருக்கமானது. இணைய நிறுவனம் ஒரு வீட்டுக்குக் கொடுப்பது ஒரே முகவரி, வீட்டிலோ பல கருவிகள். ஒரு முகவரியைப் பலர் பகிரும் முறையை 1994-இல் எழுதிவைத்தார்கள். அந்த வேலையையும் செய்யும் பெட்டிக்கு, வீட்டு வலைக்கும் வெளி இணையத்துக்கும் இடையே செய்திகளுக்கு வழிகாட்டுவதால் ரவுட்டர் என்று பெயர். 1999 ஜூலையில் ஆப்பிள் ஏர்போர்ட்டை வெளியிட்டது, வைஃபை என்ற பெயரும் அதே ஆண்டில் சூட்டப்பட்டது. 2002 இறுதியில் வந்த லிங்க்சிஸ் நிறுவனத்தின் நீலக் கறுப்புப் பெட்டி வீட்டு ரவுட்டருக்கே அடையாளமானது.

இந்தியாவில் கம்பியில்லாக் கருவி எதுவானாலும் உரிமம் கேட்கும் 1933-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. ரேடியோ கேட்கக்கூடத் தபால் நிலையத்தில் பணம் கட்டிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று 2005-இல் விதி வந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2018-இல் இன்னும் விரிவாகத் திறந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். லைன் வீட்டில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, சுவரை ஒட்டி அடுத்த குடும்பம். 2.4 அலை சுவரைத் தாண்டித் தூரம் போகும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத அலைத்தடம் அதில் மூன்றுதான்: 1, 6, 11. ஒரே வரிசையில் பதினைந்து வீட்டில் பெட்டி இருந்தால் எல்லோரும் அந்த மூன்றுக்குள் நெரிசல்படுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். கடைக்காரர் அதைக் குறையாகச் சொல்வார். லைன் வீட்டுக்கு அதுவே வரம்: பக்கத்து வீட்டு அலை நம்மிடம் அதிகம் வராது, நமது அங்கே போகாது, தடங்களும் நிறைய. ஆகவே இரண்டு அலையும் உள்ள பெட்டி வாங்கி, செல்போனையும் டிவியையும் 5-இல் சேர்த்துவிடுங்கள். பழைய கருவிக்கு மட்டும் 2.4 போதும்.

வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாவில் குடியிருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. கனத்த கல்சுவருக்கு முன்னால் எத்தனை ஆன்டெனா வைத்த பெட்டியும் திணறும். அங்கே விலை உயர்ந்த ஒன்றைவிட, சாதாரணமான இரண்டை லேன் ஒயரால் இணைத்து இரண்டு அறையில் வைப்பது நல்லது.

வாங்கும்போது பெட்டியின் அட்டையில் அச்சிட்ட பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். நீங்கள் கட்டும் மாதத் திட்டம் 50 மெகாபிட் என்றால் இணையம் அதற்குமேல் வராது. 100-க்கு மேல் உள்ள திட்டமாக இருந்தால், பின்புறத் துளைகள் கிகாபிட் வகையா என்று மட்டும் கேளுங்கள். 100 மெகாபிட் துளை உள்ள பெட்டியில் அதற்குமேல் கட்டும் பணம் வீண். வைஃபை 5 என்று அச்சிட்டதே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். கருவிகள் அதிகமாக இருந்தால் வைஃபை 6 வாங்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபைக்கு உள்ளது ஒன்று. பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய உள்ளது இன்னொன்று, பலரும் மறப்பது இதைத்தான். பாதுகாப்பு வகையில் டபிள்யூ.பி.ஏ. 3 இருந்தால் அதையும், இல்லாவிட்டால் 2-ஐயும் தேர்ந்தெடுங்கள். கரண்ட் போகும் நேரத்துக்கு ரவுட்டருக்கென்றே சிறிய யூ.பி.எஸ். கிடைக்கிறது. அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மிக முக்கியமானது வைக்கும் இடம். இணைப்புக் கொடுக்க வருபவர் ஒயர் நுழையும் வாசல் மூலையிலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விடுவார். பெட்டிக்குப் பின்னால் இரும்பு பீரோவோ பக்கத்தில் ஃபிரிட்ஜோ தண்ணீர் டிரம்மோ இருந்தால் அலை அங்கேயே நின்றுவிடும். ஃபைபர் ஒயர் வந்து முடியும் பெட்டி தனியாக இருந்தால் அது வாசலிலேயே இருக்கட்டும், ரவுட்டர் அறையின் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் வரவேண்டும். கூடுதலாகச் சில மீட்டர் லேன் ஒயருக்கு ஆகும் செலவு அதிகமில்லை. அவர் ஏணியை மடிப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.