மீதி மூன்று கிலோமீட்டர் எங்கே?

எங்கள் 2006 மாடல் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துவந்தது. சென்ற ஆண்டு 12-க்கு இறங்கிவிட்டது. "எல்லாம் எத்தனால் செய்யற வேலை. வித்துடுங்கப்பா" என்றான் மகன். மாதாமாதம் மனைவியைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் வண்டி. விற்க மனம் வரவில்லை.

பெட்ரோலில் ஆல்கஹால் கலப்பது புதிதல்ல. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த பிரான்சில் 1923-லேயே பத்து சதவீதம் கலக்கச் சட்டம் வந்தது. நம் நாட்டில் 1948-ல் பவர் ஆல்கஹால் சட்டம் போட்டார்கள். 2003-ல் 5 சதவீதம் கலந்தார்கள். 2025-ல் அது 20 ஆனது. எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே பழைய கார்களில் மைலேஜ் 6-7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது.

குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? 16-ல் 7 சதவீதம் என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர்தான். மீதி மூன்று எங்கே?

சென்னீர்குப்பத்தில் ஆவடி சாலையோர மெக்கானிக் தம்பி ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தார். பின்சக்கரம் ஒன்று சுற்றவே மறுத்தது. பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. ஏர் ஃபில்டர் முழுக்க லாரிப் புழுதி. டயரில் 30 இருக்கவேண்டிய காற்று 20.

சரிசெய்தபின் டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தேன்: 15.

குறைந்த ஒன்று எத்தனால் கணக்கு. மற்ற மூன்றும் என் கவனக்குறைவு. வண்டி வீட்டில்தான் நிற்கிறது.