காத்திருப்பின் விலை

செத்தவரின் சொத்து வாரிசின் கைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு காலம் கிடக்கிறது. உயில் உண்மையானதுதானா, கடன்காரர்கள் யார் யார், வரிபாக்கி எவ்வளவு என்று கோர்ட் பார்த்து முடிக்கும் காலம். புரோபேட் என்கிறார்கள். இந்த இடைவெளியில் வாரிசு வாடகை கொடுக்க வேண்டும், அடக்கத்துக்கு வாங்கிய கைமாற்றைத் திருப்ப வேண்டும். 'சொத்துதான் வரப்போகுதுல்ல, அதுலேருந்து எழுதிக் குடு, பணத்த இப்பவே தர்றேன்' என்று ஒருவன் வந்து நிற்பான். அமெரிக்காவில் இன்று இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. வாரிசுரிமை முன்பணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடன் என்று மட்டும் வாய்தவறியும் சொல்லமாட்டார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட முடியாது. பெயரில்தான் எல்லாம் இருக்கிறது.

ரோமில், தகப்பன் உயிரோடிருக்கும்வரை மகனுக்குத் தனிச் சொத்து கிடையாது, மகனுக்கே ஐம்பது வயதானாலும். எனவே தகப்பன் சாவை நம்பிக் கடன். வெஸ்பாசியன் காலத்தில் (கி.பி. 69-79) செனட் இதைத் தடுத்தது: அப்படிக் கொடுத்த பணத்தை, தகப்பன் செத்த பிறகும் வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. மாசெடோ என்கிற பெயரால் வழங்குகிற தீர்மானம் அது. கடன் நெருக்கிக் கடைசியில் அப்பனையே கொன்ற மகன் மாசெடோ என்பார்கள். இல்லை, அவன் வட்டிக்காரன் என்பாரும் உண்டு. எப்படியிருந்தாலும் சட்டம் கவலைப்பட்டது தகப்பனின் உயிருக்காக. மகனின் பசி அதன் விஷயமில்லை. தடுக்கப்பட்டதும் பணக்கடன் மட்டுமே. சரக்கைக் கடனுக்குக் கொடுத்தால்? அது விற்பனை. இந்தச் சந்தைக் கண்டுபிடித்தவர்கள் உடனே இருந்தார்கள் போலும், ஏய்ப்புக்காகச் செய்த விற்பனையும் தடைக்குள் வரும் என்று சட்ட அறிஞர்கள் எழுதிவைக்க வேண்டியிருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விஷயம் இன்னும் சுவாரசியம். மார்ல்பரோ சீமாட்டி சாராவின் பேரன் ஜான் ஸ்பென்சர். 1738இல் அவனுக்கு வயது 30, பாட்டிக்கு 78. பாட்டியின் சொத்தை எதிர்பார்த்து 5,000 பவுன் வாங்கினான். பாட்டி தனக்கு முன்னால் செத்தால் 10,000 தருவதாகப் பத்திரம். தான் முந்திக்கொண்டால் கொடுத்தவனுக்குச் சல்லிக்காசு இல்லை. 1744இல் பாட்டி செத்தாள். பேரன் அதே கடனுக்குப் புதுப் பத்திரம் எழுதிக்கொடுத்து, கொஞ்சம் கட்டி, 1746இல் தானும் போய்ச் சேர்ந்தான். உயிலை நிறைவேற்ற வந்த செஸ்டர்ஃபீல்ட் பிரபு முதலானோர் சான்சரி கோர்ட்டுக்குப் போனார்கள். அன்று வட்டி 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, இதுவோ இரட்டிப்பு. 1751இல் ஹார்ட்விக் பிரபு தீர்ப்புச் சொன்னார்: இது கடும்வட்டி ஆகாது, ஏனெனில் கொடுத்தவனின் முதலே மூழ்கிப்போகும் அபாயம் இருந்தது. பேரனை ஏமாற்றினார்கள் என்கிற வாதமும் எடுபடவில்லை. பாட்டி செத்த பிறகு அவனே தெரிந்து மறுபடி எழுதிக்கொடுத்தானே.

அபாயம் என்கிற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்வோம்.

1854இல் இங்கிலாந்து வட்டி உச்சவரம்பை ஒழித்தது. ஆனால் 1873இல் எய்ல்ஸ்ஃபோர்ட் பிரபுவின் வழக்கில் செல்போர்ன் பிரபு, வாரிசுரிமையை எதிர்பார்த்து வாங்கிய கடன் நியாயமானது என்று கொடுத்தவனே நிரூபிக்க வேண்டும் என்றார். 60 சதவீதத்துக்கு மேலே போன வட்டி, முதலும் 5 சதவீதமுமாகக் குறுகியது. இரக்கம்தான். யார்மீது? கோட்டைத் திங்கட்கிழமை அடகுவைத்துச் சனிக்கிழமை மீட்ட கூலிக்காரனின் வட்டியை இந்த மன்றம் இப்படிக் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. குடும்பத்தின் நிலம் குடும்பத்தைவிட்டுப் போய்விடக்கூடாது, அவ்வளவுதான்.

நம் பக்கத்துக்கு இதன் ஒரு துண்டு வந்தது. 1882ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 6(அ): வாரிசாகலாம் என்கிற வெறும் வாய்ப்பை எவரும் மாற்றிக்கொடுக்க முடியாது. (மிதாட்சரக் குடும்பத்தில் பிறப்பாலேயே பங்குள்ள மகனின் கதை வேறு.) சாவுக்கு முன் இருப்பது நப்பாசை, சாவுக்குப் பின் இருப்பது சொத்து, அது கைக்கு வராவிட்டாலும். அமெரிக்கக் கம்பெனிகள் நிற்பது இந்தக் கோட்டுக்கு அந்தப்புறம்.

எஸ்டேட்டில் பணம் தேறாவிட்டால் வாரிசு திருப்பித்தர வேண்டாம், ஆகவே இது கடனல்ல, பங்கை வாங்குகிறோம் என்கிறார்கள். ஹார்ட்விக்கின் அபாயம்தான், வேஷம் கலையாமல். ஆனால் இங்கே செத்தவர் செத்தாயிற்று. பாட்டி இன்னும் பத்து வருஷம் இருந்துவிடுவாளோ என்கிற பயம் கிடையாது. வீடு நிற்கிறது, கோர்ட் கட்டில் கணக்கு இருக்கிறது. மிஞ்சியிருக்கும் நிச்சயமின்மையில் பெரும்பகுதி கோர்ட்டின் நிதானம். அந்த நிதானத்துக்கு வாரிசு இருமுறை விலை கொடுக்கிறான். கலிபோர்னியாவில் கடன்காரர்களுக்காக மட்டுமே குறைந்தது நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். வக்கீல் கூலி, எஸ்டேட்டின் முதல் 1 லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த லட்சத்துக்கு 3, அதற்குமேல் 8 லட்சம் வரை 2. உயில் நிறைவேற்றுபவருக்கும் அதே அளவு. அடமானத்தைக் கழிக்கமாட்டார்கள். 5 லட்சம் டாலர் வீட்டில் 4 லட்சம் அடமானம் பாக்கியிருந்தால், வாரிசுகளுக்குச் சேரவேண்டிய 1 லட்சத்திலிருந்து இருவர் கூலி 26,000 வரை போகலாம். பிரபுவுக்கு வருகிற எஸ்டேட்டில் இது உறைக்காது. அம்மா வீட்டில் மூன்றிலொரு பங்கு வரவிருக்கும் மகளுக்கு உறைக்கும். முன்பணக் கம்பெனியின் வாசலுக்கு வருபவளும் அவள்தான்.

2006 முதல் கலிபோர்னியாவில் இத்தகைய ஒப்பந்தத்தை 30 நாளுக்குள் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். தொகை 'மிக மோசமாக நியாயமற்றது' என்று தோன்றினால் நீதிபதி மாற்றலாம். வெறுமனே நியாயமற்றது என்றால் போதாது, 'மிக மோசமாக'. 1873இல் நிரூபிக்கவேண்டியவன் கொடுத்தவன். இங்கே அந்தச் சுமை அவன் தலையில் இல்லை.

2016இல் யேல் சட்ட இதழில் ஹார்ட்டன், சந்திரசேகர் என்கிற இரு ஆய்வாளர்கள் அந்த மாநிலத்தின் ஒரு பெரிய கவுண்டியில் 594 புரோபேட் கட்டுகளைப் பிரித்துப் பார்த்து எழுதினார்கள். தொழில் கொழுத்த லாபம் தருகிறது, இது கடன்தான், கடன் சட்டங்கள் இதற்குப் பொருந்த வேண்டும் என்பது அவர்கள் வாதம். கம்பெனிகளின் ஒப்பந்தத் தாளில் இன்னும் 'வாங்குபவர்', 'விற்பவர்' என்றுதான் அச்சாகிறது.